மறதிக்கு ஒரு சட்டம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து வரலாற்று நூல் ஒன்றில் 1660ஆம் ஆண்டின் 'அப்லிவியன் சட்டம்' என்று படித்தேன். அகராதியில் பார்த்தால் அப்லிவியனுக்கு 'மறதி' என்று போட்டிருக்கிறது. மறதிக்கு எதற்குச் சட்டம்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 'அப்லிவியஸ்' என்பதும் இதன் உறவுதானா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

அகராதி பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறோமே, அந்த மறதியை இன்று யாரும் அப்லிவியன் என்பதில்லை. மறந்தவரைவிட மறக்கப்பட்டவரின் கதியைத்தான் அந்தச் சொல் அதிகம் குறிக்கிறது. ஓகோவென்று இருந்த நடிகர் அப்லிவியனுக்குப் போனார் என்றால், நம் பேச்சில் 'இருந்த இடம் தெரியாமல் போய்விட்டார்'.

லத்தீன் 'ஒப்லிவியோ', பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் பின்பாதிக்கும் வழவழப்பைக் குறிக்கும் 'லேவிஸ்' என்ற சொல்லுக்கும் தொடர்பு காண்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். மேலே தடவிச் சமமாக்கிவிடுவது. ரோமர்கள் மெழுகுப் பலகையில் எழுதிய எழுத்தாணியின் மறுமுனை தட்டையாக இருக்கும், எழுதியதைத் தேய்த்து அழிப்பதற்காக. சொல் அந்தப் பலகையில் பிறந்தது என்று சொல்லவில்லை; பொருள் மனதில் நிற்க அது போதும்.

இனி சட்டம். 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள். மன்னரை எதிர்த்த தளபதி கிராம்வெல்லின் ஆட்சியெல்லாம் முடிந்து, 1660இல் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பினார். எதிரணியில் நின்றவர்கள் நாட்டில் ஏகப்பட்ட பேர். அத்தனை பேரையும் தண்டிக்க முடியுமா? சரி, நடந்தது நடந்துவிட்டது என்று பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. பழைய சண்டையைக் கிளறும்படி ஒருவரை ஒருவர் வன்மத்தோடு ஏசினால் அபராதம், மூன்று ஆண்டுகளுக்கு. கனவான் என்றால் 10 பவுண்டு, அதற்குக் கீழே உள்ளவர் என்றால் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு. வாயை அடக்குவதிலும் அந்தஸ்து பார்த்திருக்கிறார்கள்!

மன்னரின் மரணத்துக்கு நேரடியாகப் பொறுப்பானவர்கள் பலருக்கு இந்த மன்னிப்பு கிடையாது. 1658இலேயே செத்துப்போன கிராம்வெல்லைக்கூட விடாமல், 1661 ஜனவரியில் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். மன்னருக்காகச் சொத்தை இழந்தவர்களுக்கோ வேறு எரிச்சல். எதிரிகளுக்கு மன்னிப்பு, நண்பர்களுக்கு மறதியா என்று அப்போதே குத்தலாகப் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம், 'அப்லிவியஸ்' கூடப்பிறந்ததுதான். முதலில் அதற்கு ஞாபகமறதிக்காரர் என்றே பொருள். சுற்றி நடப்பதைக் கவனிக்காதவர் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. இன்று செய்தித்தாளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளைத்தான்.