காசு கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: எங்கே இறக்குவீர்கள்?

கேள்வி: ஜனவரி கடைசியில் மனைவியோடு ராமேஸ்வரம் போகிறேன். இருவருக்கும் ஸ்கூபா (மூச்சுக்கருவியோடு கடலில் மூழ்குவது) புதிது. ஏற்பாடு செய்பவர், "தீவுப் பக்கம் கூட்டிப் போறோம், கடல் அட்டையைக் கையில வச்சு போட்டோ எடுத்துக்கலாம்" என்கிறார். தனியாக அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?
– கோவை வாசகர்

போட்டோவை முதலில் முடித்துவிடுவோம்: வேண்டாம். கடல் அட்டை, அதாவது கடலடியில் ஊரும் வெள்ளரிக்காய் போன்ற உயிர், 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பதே சட்டத்தின் கணக்கில் வேட்டைதான், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடல் குதிரைக்கும் பவளத்துக்கும் இதே கதை. கரை ஒதுங்கிய செத்த பவளத் துண்டுதானே என்று பையில் போட்டாலும் வம்புதான். ஒருமுறை ஒரு கைடு என் எதிரிலேயே அட்டையைத் தூக்கிக் காட்டினார். அது வெள்ளை நூல் நூலாகப் பசையைக் கக்கி, அவர் கையுறை முழுக்கச் சுற்றிக்கொண்டது. மேலே வந்தும் உரித்துக்கொண்டே இருந்தார். சில வகை அட்டைகள் மிரண்டால் குடலையே வெளியே தள்ளிவிடும்.

இனி அனுமதி. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தெற்கே தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலும், 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஜனவரியில் வாடைக்காற்று அடிப்பதால் பாக் பக்கம் கலங்கிக் கிடக்கும், தெற்குக் கடல் அடங்கியிருக்கும். அதனால்தான் உங்கள் ஏற்பாட்டாளருக்குத் தீவு மேல் கண். கடலில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. பூங்காவுக்குள் வந்துவிட்டோமா என்று பயணிக்குத் தெரியாது.

ஆகவே முன்பணம் கட்டும் முன், எந்த இடத்தில் இறக்குவீர்கள், அதற்கான அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். "எல்லாரும் போறாங்க சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பாம்பன் தீவிலுள்ள குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. அது சுற்றிப் பார்க்க, ஸ்கூபாவுக்கு அல்ல. என்னைக் கேட்டால் பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளுங்கள். வாடை ஓய்ந்திருக்கும், பாக் பக்கமே இறங்கலாம்.

நங்கூரம் எங்கே போடுவார்கள் என்றும் கேளுங்கள். மணலில் என்றால் சரி. பவளப் பாரிலோ கடல்புல்லிலோ என்றால் கூடாது. அந்தப் புல்தான் ஆவுலியாவுக்கு, அதாவது கடல் பசுவுக்கு, சாப்பாடு.

தண்ணீருக்குள் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு நின்றவாக்கில் நீந்துவது. ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடிக்கிற அடியில் மண் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும். தடுமாறிக் காலை ஊன்றினால் கிளை முறியும். கிளைப் பவளம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். உடம்பைக் கிடையாக வையுங்கள். இடுப்பில் கட்டிவிடும் எடைக்கட்டிகள் அதிகமாக இருந்தால் அது முடியாது, கரையிலேயே சொல்லிக் குறையுங்கள். கையை மார்போடு கட்டிக்கொண்டால் எதையும் பிடிக்கத் தோன்றாது. சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போதும்.

அப்புறம், மதுரையில் விமானம் ஏறுவதாக இருந்தால், ஒரு முறை மட்டும் மூழ்கியிருந்தால் 12 மணி நேரமாவது, அதற்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரயிலில் ஊர் திரும்புவதானால் இந்தக் கணக்கே வேண்டாம்.