வெல்டிங் கடைக்குப் போவதற்கு முன்: சைக்கிள் பிரேமும் உத்தரவாதமும்

கேள்வி: கொட்டகலைக்குப் பக்கத்திலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஹட்டன் நகரிலுள்ள கடையொன்றில் மகனுக்கு 58,000 ரூபாவுக்கு கியர் வைத்த மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இரும்புப் பிரேம். பிரேமுக்கு 2 வருட உத்தரவாதம் என்று அட்டையில் இருக்கிறது. சென்ற வாரம் மகன் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு போகும்போது, பெடல் அச்சுக்குப் பக்கத்தில், பின் சில்லுக்குப் போகும் குழாய் ஒட்டு வைத்த இடத்தோடு முறிந்துவிட்டது. கடைக்காரர், "மலை ரோட்டில் ஓட்டினால் இப்படித்தான், இது பாவனைப் பிழை, உத்தரவாதம் கிடையாது, வெல்டிங் பண்ணிக்கொள்ளுங்கள்" என்கிறார். கொழும்பிலுள்ள இறக்குமதியாளரை அழைத்தால், கடையிலேயே பேசிக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், வெல்டிங் பண்ணாதீர்கள். உத்தரவாதம் கேட்கப் போகிறவரின் கையில் இருக்கும் மிகப் பெரிய சாட்சி பற்றுச்சீட்டு அல்ல, முறிந்த இரும்பின் முகம்தான். அதன் மேல் ஒட்டு வைத்த நிமிடத்திலேயே அந்தச் சாட்சி போய்விடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என்னுடைய சைக்கிளின் பிரேம் இதே மாதிரி விட்டுப்போனபோது, அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டுமே என்ற அவசரத்தில் அன்று மாலையே பட்டறைக்குக் கொண்டுபோய் ஒட்டிவிட்டேன். பிறகு உத்தரவாதம் கேட்டுப் போன இடத்தில், "இதில் எது எங்கள் ஒட்டு, எது உங்கள் ஒட்டு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

முறிந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே நிறமாக இருக்காது. ஒரு பகுதி ஆறிப்போன சாயத் தேநீரின் நிறத்தில் பழுப்பாகவும் ஓரளவு வழவழப்பாகவும் இருக்கும். மீதிப் பகுதி இப்போதுதான் உடைத்த கற்கண்டு போலச் சொரசொரப்பாக மினுங்கும். பழுப்பான பகுதி பல வாரங்களாகவோ மாதங்களாகவோ மெல்ல வளர்ந்த வெடிப்பு. உள்ளே ஈரம் போய்த் துருப் பிடித்ததால் வந்த நிறம் அது. மினுங்கும் பகுதிதான் உங்கள் மகன் ஏற்றத்தில் மிதித்தபோது கடைசியாக விட்டுப்போனது. ஒவ்வொரு மிதிக்கும் வலதும் இடதுமாகச் சுமை மாறி மாறி விழும் இடம் பெடல் அச்சைச் சுற்றிய ஒட்டுகள்தான். அங்கே ஒட்டில் ஊசிக்கண் அளவு ஓட்டை இருந்தாலும், குழாயின் ஓரம் தேவைக்கு மேல் உருகி மெலிந்திருந்தாலும், வெடிப்பு அந்த இடத்தில்தான் தொடங்கும். பழுப்பு நிறம் ஒட்டின் விளிம்பிலிருந்து ஆரம்பித்து உள்ளே பரவியிருந்தால் அதை அவசியம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நியாயமாகப் பேசவேண்டுமானால் இதையும் சொல்லவேண்டும். பழுப்பு நிறம் மட்டும் உற்பத்திக் குறைபாட்டை நிரூபித்துவிடாது. அளவுக்கு மீறிய பாரத்தைத் தினமும் ஏற்றினாலும் வெடிப்பு இதே மாதிரி மெல்லத்தான் வளரும். பழுப்பு நிறம் உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: விழுந்தோ மோதியோ ஒரே அடியில் இது முறியவில்லை. மோதிய சைக்கிளை இன்னும் எளிதாக அடையாளம் காணலாம். ஹேண்டிலின் கழுத்துக்குப் பின்னால் குழாயின் அடிப்பக்கம் புடைத்து, அந்த இடத்தில் பெயின்ட் சுருக்கம் விழுந்திருக்கும். முன் போர்க் பின்பக்கமாகத் தள்ளப்பட்டு, சில்லு பிரேமுக்கு நெருங்கி வந்திருக்கும். உங்கள் சைக்கிளில் இவை இல்லை என்றால், அந்த இடங்கள் நேராக இருப்பதையும் படம் எடுத்துவிடுங்கள். விபத்து நடந்திருக்கிறது என்ற வாதம் பின்னால் வந்தால் அந்தப் படங்கள் உதவும்.

படம் எடுக்கும்போது சங்கிலி இருக்கும் பக்கத்திலிருந்து முழுச் சைக்கிளையும் ஒரு படமும், முறிந்த இடத்தை ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நெருக்கமாகப் பல படங்களும் எடுங்கள். பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு ஓடும் உருளையின் அடிப்பகுதியைத் துணியால் துடைத்தால், அங்கே குத்தப்பட்ட தொடர் இலக்கம் பெரும்பாலும் தெரியும். சில சைக்கிள்களில் அது ஹேண்டிலின் கழுத்தில் அல்லது பின் சில்லு மாட்டும் இடத்தில் இருக்கும். அந்த இலக்கம் உத்தரவாத அட்டையில் எழுதியிருக்கும் இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முறிந்த முகத்தை மட்டும் துடைக்கவோ உரசவோ கூடாது. இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்ப்பதும் வேண்டாம். நம்முடைய மழையையும் மிஸ்ட்டையும் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மினுங்கும் பகுதியும் சில நாட்களில் பழுப்பாகிவிடும். ஆகவே படம் எடுப்பதைத் தள்ளிப்போடாமல், எடுத்த பிறகு சைக்கிளை உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஓட்டவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் "இறக்கத்தில் மட்டும் உருட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, "மலை ரோட்டில் ஓட்டினால் உத்தரவாதம் கிடையாது" என்ற பேச்சு. மவுண்டன் சைக்கிள் என்று பெயர் சொல்லி, ஹட்டனில் கடை வைத்து, தோட்டத்திலிருந்து வரும் ஒருவருக்கு விற்ற பொருளை ஏற்றத்தில் மிதித்தது பாவனைப் பிழை என்றால், அந்தக் கடை எந்தச் சமதரையை நினைத்து அதை விற்றது என்று கேட்கலாம். இது வெறும் குத்தல் பேச்சு அல்ல. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வாங்குபவர் தனக்கு எந்தத் தேவைக்காகப் பொருள் வேண்டும் என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஓரளவு நியாயமாகப் பொருந்தவேண்டும் என்ற நிபந்தனை விற்பனையிலேயே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. தோட்டத்துப் பாதையில் ஓட்டத்தான் வாங்குகிறேன் என்று அன்று கடையில் சொன்னீர்களா? சொல்லியிருந்தால், கூட இருந்து கேட்டவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் கடிதம் எழுதுவதற்கு முன் உத்தரவாத அட்டையையும், சைக்கிளோடு வந்த சிறு புத்தகத்தையும், பிரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களையும் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். மவுண்டன் சைக்கிள் தோற்றத்தில் மலிவாக விற்கப்படும் சில சைக்கிள்களில், கரடுமுரடான பாதைக்கு உகந்ததல்ல என்று மிகச் சிறிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பார எல்லை, கரியர் பூட்டுவது, வாடகைக்கு விடுவது, பாய்ந்து குதிப்பது என்ற விலக்குகளும் வழக்கமாக இருக்கும். மகன் பின்னால் கரியர் பூட்டி அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏற்றியிருந்தால் அதை மறைக்காதீர்கள். கரியரின் ஆணி உரசிய தடம் பெயின்டில் இருக்கும், பரிசோதிக்கிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அப்படி எதுவும் இல்லையென்றால் அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

கடிதம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடை முகப்பில் நின்று பேசியது எங்கேயும் பதிவாவதில்லை. கடைக்கு ஒன்றும், அட்டையில் பெயர் இருக்கும் இறக்குமதியாளருக்கு அதன் பிரதியுமாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தரும் ரசீதை அட்டையோடு சேர்த்து வையுங்கள். நீளமாக எழுதவேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

"தங்களிடம் இன்ன திகதியில் இன்ன இலக்கப் பற்றுச்சீட்டின் மூலம் வாங்கிய, இன்ன தொடர் இலக்கமுடைய சைக்கிளின் பிரேம், 2 வருட உத்தரவாதக் காலத்துக்குள், பெடல் அச்சுக்கு அருகிலுள்ள ஒட்டில் முறிந்துள்ளது. சைக்கிள் விபத்துக்கு உள்ளாகவில்லை, பாரம் ஏற்றப்படவில்லை, திருத்தப்படவில்லை. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. 14 நாட்களுக்குள் பிரேமை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாயின், உத்தரவாத அட்டையின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தரவும்."

இதில் கடைசி வசனம்தான் வேலை செய்யும். வாயால் "பாவனைப் பிழை" என்று சொல்கிற பலர், அதையே கையொப்பமிட்டு எழுதித் தரத் தயங்குவார்கள். எழுதித் தந்தாலும் நல்லதுதான், மறுப்புக்கான காரணம் இனி மாறாது. தமிழில் எழுதுங்கள், ஆனால் இறக்குமதியாளரின் அலுவலகம் கொழும்பில் இருப்பதால், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியை இணைத்தால் அது மேசை மேசையாகச் சுற்றாது. அரச நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை தேவையில்லை, அவற்றோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது.

பலர் உடனே நினைப்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அங்கே முறைப்பாடு செய்யலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுக்கவேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. 2 வருட உத்தரவாதம் கொடுக்கப்படும் பொருளுக்கு 3 மாத வாசல் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதால் இந்த வாசலை நம்பியிருக்க வேண்டாம்.

உங்களுக்குப் பொருத்தமானது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபையில் உங்கள் தொகைக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. சட்டத்தரணி வைக்கவும் தேவையில்லை, வைக்கவும் முடியாது. சபை தீர்ப்புச் சொல்லாது, இரு பக்கத்தையும் உட்காரவைத்து இணக்கத்துக்குக் கொண்டுவரும். இணக்கம் வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். உங்கள் பகுதிச் சபை எந்த இடத்தில், எந்தக் கிழமையில் கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நான் பார்த்த வரையில், ஊரில் பெயரோடு கடை நடத்துகிறவருக்கு அழைப்புக் கடிதம் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கடை இறங்கிவந்து பிரேமை மாற்றித் தந்தால், பழைய பாகங்களைக் கழற்றிப் புதிய பிரேமில் பூட்டும் கூலி யாருடையது என்று முன்பே கேளுங்கள். பல உத்தரவாதங்கள் பிரேமை மட்டும் தரும், கூலியைத் தராது. கூலியைக் கொடுத்தாவது ஏற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். நிறம் வேறாக இருந்தால் அதற்காகச் சண்டை பிடிக்கவேண்டாம்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் தான் ஓட்டிய அலுமினியப் பிரேம் சைக்கிளை ஊருக்கு வந்தபோது எனக்கே தந்துவிட்டுப் போனார். அந்தக் கம்பனி பிரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருகிறதாம். சீட் கம்பி இறங்கும் குழாயின் மேல் முனையில் இப்போது வெடிப்பு விட்டிருக்கிறது. எனக்கு அந்த உத்தரவாதம் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காது, மைத்துனருக்குக் கிடைக்கலாம். ஆயுட்கால உத்தரவாதம் என்பது வழக்கமாக முதலில் வாங்கியவர் அதை வைத்திருக்கும் காலத்துக்குத்தான், கைமாறினால் முடிந்துவிடும். ஆகவே மைத்துனரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர் வாங்கிய கடையில் நிபந்தனையைக் கேட்கச் சொல்லுங்கள். இன்னும் தன்னிடமே இருப்பதாக அவரைப் பொய் எழுத வைக்காதீர்கள். ஏற்றுக்கொண்டாலும் பிரேமை அனுப்பி எடுக்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும், அது சில நேரம் பிரேமின் விலையையே தொட்டுவிடும்.

அதற்கு முன் சீட் கம்பியை வெளியே இழுத்து ஒன்றைப் பாருங்கள். அதன் கீழ்ப்பகுதியில், இதற்கு மேல் உயர்த்தக்கூடாது என்று ஒரு கோடு குத்தப்பட்டிருக்கும். மைத்துனரைவிட நீங்கள் உயரமாக இருந்து, அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தி ஓட்டியிருந்தால், உங்கள் பாரம் முழுவதும் குழாயின் மேல் முனையை நெம்பியிருக்கும். அப்படியான வெடிப்பை எந்தக் கம்பனியும் உற்பத்திக் குறைபாடாக ஏற்காது. அலுமினியப் பிரேமைச் சாதாரணப் பட்டறையில் ஒட்டுவதும் வேண்டாம். பெரும்பாலான அலுமினியப் பிரேம்கள் ஒட்டிய பின் சூளையில் பதப்படுத்தித்தான் அந்த உறுதியைப் பெறுகின்றன. மறுபடி சூடாக்கினால், ஒட்டைச் சுற்றியுள்ள இடம் மென்மையாகி, அடுத்த வெடிப்பு அதன் பக்கத்திலேயே விடும்.

கேள்வி: ஐந்து வாரங்களுக்கு முன் வாங்கிய சைக்கிளின் பிரேம் வெடித்துவிட்டது. கடைக்காரர் தந்த துண்டில் விலை மட்டும் எழுதியிருக்கிறது, "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று முத்திரையும் குத்தியிருக்கிறது. தலவாக்கலையில் இருக்கிறேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: மேலே எழுதியவரைவிட உங்களுக்கு வழி அதிகம், 3 மாதம் இன்னும் கடக்கவில்லை. சட்டம் கொடுத்த முறைப்பாட்டு உரிமையைக் கடையின் இறப்பர் முத்திரை பறித்துவிடாது. இன்றே போய் முறையான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வாங்கியவர் கேட்டால் அதைக் கொடுக்கவேண்டியது, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி வியாபாரியின் கடமை. திகதி, கடையின் பெயர், சைக்கிளின் மாதிரி, தொடர் இலக்கம், விலை ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். மறுத்தால், கையிலுள்ள துண்டையும், பணம் வங்கி அட்டையில் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கு விவரத்தையும் இணைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு அனுப்புங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, நுவரெலியா மாவட்டத்துக்கான அலுவலகம் எது என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அழைப்போடு நின்றுவிடாதீர்கள், சட்டம் கேட்பது எழுத்து. மூன்றாவது மாதம் முடியும் திகதியை இப்போதே கலண்டரில் வட்டமிட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பாவது கடிதம் போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.