படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைச் சேர்க்க, தர்மபுரி – கிருஷ்ணகிரி பக்கம் நல்ல இல்லத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் அம்மாவுக்கு 74 வயது, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து எழுந்து நடக்கவில்லை, பாலக்கோடு பக்கத்தில் தனியாக இருக்கிறார், உங்களுக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, அண்ணன் வெளிநாட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லத்தில் சேர்க்க முடிவு செய்தாயிற்று, நல்ல இடம் என்று எதை வைத்து நம்புவது என்பது உங்கள் கேள்வி. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் அலைந்தேன். முதல் முறை தப்பான இடத்தில் சேர்த்துவிட்டேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சூளகிரி பக்கம். வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய், கொஞ்ச நாளில் தெலுங்கில் மட்டும் நாலைந்து சொல் திரும்பி வந்தது. அதுவரை சரளமாகப் பேசிய தமிழ் வரவேயில்லை. நான் சேர்த்த இல்லம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம். லிஃப்ட், பளபளவென்று தரை, வாசலில் தோட்டம். பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது. வாரம் ஒரு முறை வீடியோ கால் செய்வார்கள். தலை வாரி, பொட்டு வைத்து, கழுத்து வரை போர்வை போர்த்தி அம்மாவைக் காட்டுவார்கள். நாற்பதாவது நாள் நேரில் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். வால் எலும்பு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அம்மா பல நாளாக "நொப்பி, நொப்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். வலிக்கிறது என்று அர்த்தம். ராத்திரி வேலை பார்த்த பெண்கள் வெகு தூரத்து மாநிலத்திலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு அது ஏதோ உளறல். அந்தப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே ஆள் இருபது பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் நான் முதலில் கேட்பது தூரத்தைத்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், சொல்லாமல் கொள்ளாமல், பத்து நிமிஷம் எட்டிப் பார்க்க முடிகிற இடமா? உங்கள் விஷயத்தில் ஓசூரிலேயோ, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் வழியிலேயோ தேடுங்கள். அம்மாவின் ஊருக்குப் பக்கம் என்று பாலக்கோட்டிலோ தர்மபுரியிலோ வைத்தால், ஷிஃப்ட் வேலையில் நீங்கள் மாதம் இரண்டு தடவைதான் போவீர்கள். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது முதல் மாதத்தோடு சரி. அடிக்கடி ஆள் வந்து போகிற கட்டிலுக்குத்தான் கவனிப்பு கிடைக்கிறது. இதை இரண்டு இல்லங்களிலும் கண்ணால் பார்த்தேன்.

தேடும்போது பெயரில் ஒரு குழப்பம் வரும். நம் ஊர்களில் 'நர்சிங் ஹோம்' என்று போர்டு இருந்தால் அது பிரசவம், ஆபரேஷன் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி. நமக்கு வேண்டியது படுக்கையில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும் முதியோர் இல்லம். நிறைய இல்லங்களில் தானாக நடந்து கழிவறைக்குப் போகிறவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். போனிலேயே "அம்மா படுக்கையில்தான் இருக்காங்க, டயாப்பர் மாத்தணும், எடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

நேரில் போவதைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை. பகலில் மேனேஜர் இருப்பார், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். படுக்கை நோயாளிகளுக்கு ஆபத்து ராத்திரியில்தான். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அதில் படித்த சிஸ்டர் ஒருவராவது உண்டா என்று கேளுங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தால் குடித்துவிட்டு, படுக்கையில் இருப்பவர்களின் அறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கே மூத்திர நாற்றம் ஊறிப்போய் அடிக்கிறதா, அல்லது அப்போது மாற்றும் டயாப்பரின் வாடையா என்பது உள்ளே நுழைந்ததும் தெரியும். இரண்டும் வேறு. நகம் வெட்டியிருக்கிறார்களா? தண்ணீர் டம்ளர் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா? குதிகாலுக்குக் கீழே தலையணையோ துணியோ கொடுத்திருக்கிறார்களா? தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். திருப்பியதை எழுதுகிற தாள் கட்டிலில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான் ஒரு இடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தபோது, ராத்திரி பத்து மணி வரைக்கும் அப்போதே எழுதி வைத்திருந்தார்கள். அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டேன்.

ஆயாக்களிடம் தனியாக ஐந்து நிமிஷம் பேசுங்கள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டால் போதும். எல்லாரும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று சொன்னால் அந்த இடத்தில் ஆள் நிற்பதில்லை. அம்மாவின் உடம்பு பழகுவதற்குள் கை மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது இல்லத்தை நான் எப்படி நம்பினேன் என்று சொல்கிறேன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், ஓட்டுக் கட்டடம், மொத்தம் பதினெட்டுக் கட்டில். அதை நடத்துகிற பெண்மணி பணத்தைப் பற்றி வாயே திறக்காமல், "தண்ணி குடிச்சா புரை ஏறுதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் மாதிரி நீர்த்தது சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், கொஞ்சம் கெட்டியாக இருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை என்று விளக்கினார். "களி வேண்டாம்மா, தொண்டையில ஒட்டிக்கும். கேழ்வரகுக் கூழா கரைச்சு, நிமிர்த்தி உட்கார வெச்சுக் கொடுக்கிறோம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடமாட்டோம்" என்றார். உள்ளேயிருந்து வந்த ஆயா அம்மாவைப் பார்த்து, "ஏமி அவ்வா, பாகுன்னாரா?" என்று தெலுங்கிலேயே கேட்டாள். என்ன பாட்டி, நல்லா இருக்கீங்களா என்று அர்த்தம். ஒன்றரை மாதம் கழித்து அம்மாவின் முகத்தில் அசைவு வந்தது அப்போதுதான்.

நம் மாவட்டங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து இருக்கிறது. வீட்டில் எந்தப் பேச்சோ, அந்தப் பேச்சு தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். மறதி நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது ஏ.சி.யை விட முக்கியம்.

தண்ணீரையும் கேளுங்கள். நம் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லையும் எலும்பையும் மூட்டையும் கெடுப்பது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரா, ஆர்.ஓ.வா, வெறும் போர் தண்ணீரா? "கொதிக்க வெச்சுத்தான் கொடுக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்று. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர்கள் படுத்தே கிடந்தால் சதை கரைந்து, சளி கட்டி, இன்னும் மோசமாகிவிடும். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாக்கர் பிடித்து நிற்க வைக்க ஃபிசியோ வருகிறாரா, வாரத்தில் எத்தனை நாள் என்பதை வைத்தே இல்லத்தை முடிவு செய்யலாம். படுக்கையிலேயே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இடத்தை விட, எழுப்பி உட்கார வைக்கப் பார்க்கிறோம் என்று சொல்லும் இடம் உங்களுக்கு நல்லது. நல்ல இடம் கிடைக்கும் வரை கிராம சுகாதாரச் செவிலியரிடம் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். பி.பி., சுகர் மாத்திரையோடு, வீட்டுக்கே வந்து ஃபிசியோவும் படுக்கை நோயாளிக் கவனிப்பும் கொடுப்பதும் அதில் உண்டு. எங்கள் அம்மா வீட்டில் இருந்த நாட்களில் அது பெரிய துணையாக இருந்தது.

பணம். எங்களிடம் மாதம் 18,000 என்றார்கள். டயாப்பர், மருந்து, ஃபிசியோ, டாக்டர் வந்தால் அவருக்கு என்று எல்லாம் சேர்ந்து கையை விட்டுப் போனது 25,000-க்கு மேல். எது சேர்த்தி, எது தனி என்று எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் எப்போது திரும்பி வரும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மாவட்ட சமூக நலத்துறையில் பதிவு செய்த சான்று இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பாருங்கள். இருக்கு இருக்கு என்று வாயால் சொன்னால் போதாது.

அம்மா பெயரில் நிலமோ வீடோ இருந்தால் சேர்க்கும் நாளன்று எந்தப் பத்திரத்திலும் அவர் கைநாட்டு விழக் கூடாது. இல்லத்துக்காரர்கள் கேட்டாலும் சரி, சொந்தக்காரர்கள் கேட்டாலும் சரி. பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் போனால், 2007-ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்ய வழி இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அலைச்சல் 74 வயதில் யாருக்கும் வேண்டாம். வேறு ஏதாவது கொடுமை கண்ணில் பட்டால் 14567, முதியோர் உதவி எண்.

ராத்திரி மூச்சுத் திணறினால் எங்கே கொண்டு போவார்கள் என்று கேளுங்கள். '108-க்குப் போன் போடுவோம்' என்பது பாதிப் பதில்தான். எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போவார்கள், உங்களுக்கு எப்போது சொல்வார்கள்? கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. இல்லம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து நேரம் மாறும். டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை, ஆதார் மூன்றின் நகலையும் ஒரு கவரில் போட்டு அம்மாவின் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

சேர்த்த முதல் பத்து நாள் லீவு போட முடிந்தால் போடுங்கள். ஒரு நாள் காலைக் குளியல் நேரம், ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு, ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒவ்வொரு தடவையும் போர்வையை விலக்கி முதுகு, இடுப்பு, குதிகால் பாருங்கள். அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைக்காதீர்கள். நல்ல இடத்தில் அவர்களே விலக்கிக் காட்டுவார்கள்.

அப்புறம் அம்மாவைப் பற்றி ஒரு தாள் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். நான் ஒட்டியதில் நாலே வரி: நீள்ளு என்றால் தண்ணீர், ஆகலி என்றால் பசி, சலி என்றால் குளிர், நொப்பி என்றால் வலி. உங்கள் அம்மா தமிழ்தான் பேசுவார் என்றாலும் எழுதுங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்தால் வலிக்கும், காபியில் சர்க்கரை எவ்வளவு, ராத்திரி விளக்கு எரிய வேண்டுமா, எந்தச் சாமி படம் கண் எதிரே இருக்க வேண்டும், அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.