சோதனையில் 0.96, புதிய மாதத்தில் 0.61: தரவைப் பிரித்த விதம்தான் சிக்கல்

மாடலை மாற்றாதீர்கள், தரவைப் பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். செவிலியர்களின் ஷிஃப்ட் பதிவிலிருந்து பணிச்சுமை அபாயத்தைக் கணிக்கும் உங்கள் மாடலின் ஏயூசி (அபாயம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறியும் திறனின் அளவு; 1 என்றால் முழுத் திறன், 0.5 என்றால் வெறும் ஊகம்) சோதனையில் 0.96 ஆக இருந்து, புதிய மாதத்தின் தரவில் 0.61 ஆக விழுந்தது ஏன் என்று கேட்கிறீர்கள். தரவின் வரிகளைக் கலைத்துப்போட்டு, 80% பயிற்சிக்கும் 20% சோதனைக்கும் பிரித்ததே பெரும்பாலும் காரணம். ஒரே செவிலியரின் செவ்வாய் ஷிஃப்ட் பயிற்சிக்கும் புதன் ஷிஃப்ட் சோதனைக்கும் போகிறது. "கடந்த 7 நாள் மொத்த மணிநேரம்" இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாடல் களைப்பைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது.

1. பணியாளர் எண்ணைக் குழுவாகக் கொடுத்து, சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தின் குரூப்-கே-ஃபோல்டை (ஒருவரின் எல்லா வரிகளையும் ஒரே பக்கம் வைத்துப் பிரிக்கும் முறை) 5 மடிப்பில் ஓட்டுங்கள். மதிப்பெண் சட்டென்று சரிந்தால் கசிவு (சோதனையின் விடை பயிற்சியிலேயே தெரிந்துவிடுவது) இதுதான்.

2. அடுத்து காலவாரியாக: முதல் 9 மாதம் பயிற்சி, கடைசி 3 மாதம் சோதனை. உங்கள் லேபிள் (மாடல் கணிக்க வேண்டிய விடை) "அடுத்த 14 நாளில் மருத்துவ விடுப்பு" என்பதால் நடுவே 14 நாள் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் பயிற்சி லேபிள்கள் சோதனைக் காலத்துக்குள் எட்டிப்பார்க்கும்.

3. ரோஸ்டரின் (பணி அட்டவணையின்) இறுதி வடிவத்தை எடுக்காதீர்கள். விடுப்பு போட்டவரின் ஷிஃப்டுகள் அதில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும், அதாவது விடையே உள்ளீட்டில் இருக்கும். கணிக்கும் நாளன்று இருந்த பிரதி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விடுப்பும் களைப்பும் ஒன்றல்ல. உடைந்துபோயும் விடுப்பு எடுக்காமல் வருபவரை இந்த லேபிள் "அபாயமில்லை" என்று குறித்துவிடும். நாம் முதலில் காப்பாற்ற வேண்டியதே அவரைத்தான். ஷிஃப்டுகளுக்கு இடையே 11 மணிநேரத்துக்கும் குறைவாக ஓய்வு கிடைத்த தடவைகளைத் தனியாக எண்ணி, மாடல் "அபாயமில்லை" என்றவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.