வாசகர் கேள்வி – பதில்: பரவல் தடை யாருக்கு, எதற்கு?

'அணு ஆயுதப் பரவல் தடை', 'அணு ஆயுதத் தடை', 'ஆயுதக் களைவு' என்று பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. பரீட்சையில் எதை எங்கே எழுதுவது?
*– உயர்தர அரசறிவியல் மாணவி, உவர்மலை*

மூன்றும் மூன்று காரியம். பரவல் தடை, ஆயுதம் புதிய கைகளுக்குப் போவதைத் தடுக்கிறது. இருக்கிற கையில் இருப்பதை அது பறிப்பதில்லை. 1968 ஜூலை 1 இல் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டு, 1970 மார்ச் 5 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை இது. 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டை வெடித்துப் பார்த்தவர்களை மட்டுமே 'அணு ஆயுத நாடு' என்று ஏற்கிறது: அமெரிக்கா, ரஷ்யா, பிரித்தானியா, பிரான்ஸ், சீனா. முதலாம் உறுப்புரைப்படி இவர்கள் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டாம் உறுப்புரைப்படி மற்றவர்கள் வாங்கவும் கூடாது, செய்யவும் கூடாது.

கைவசம் உள்ளதை ஒழிப்பதுதான் ஆயுதக் களைவு. அந்தப் பேச்சு ஆறாம் உறுப்புரையில் வருகிறது, 'நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவோம்' என்ற அளவில், காலக்கெடு எதுவும் இல்லாமல். ஐந்து பேருக்கும் வசதியான வாசகம்தான். அணு ஆயுதத் தடை உடன்படிக்கை 2017 இல் வந்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வைத்திருப்பதையே அது தடை செய்கிறது. இலங்கை 2023 இல் அதில் சேர்ந்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடு ஒன்றுகூடச் சேரவில்லை.

விடைத்தாளில் அடிக்கடி வரும் பிழை: 'இந்தியா பரவல் தடை உடன்படிக்கையை மீறியது.' இந்தியா அதில் கையொப்பமே இடவில்லை. பாகிஸ்தானும் இஸ்ரேலும் அப்படியே. வட கொரியாவின் கதை வேறு. உள்ளே இருந்துவிட்டு 2003 இல் விலகுவதாக அறிவித்தது. மூன்று மாத முன்னறிவித்தலுடன் விலகப் பத்தாம் உறுப்புரை இடம் கொடுக்கிறது. 1995 இல் உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் ஜயந்த தனபால. இதைச் சேர்த்து எழுதுங்கள், விடைக்குக் கனம் கூடும்.

எங்கள் கனிய மணலில் தோரியம் இருக்கிறது, அதில் குண்டு செய்யலாம் என்கிறார்களே? அப்படியென்றால் மணல் ஏற்றும் கப்பலெல்லாம் இந்த உடன்படிக்கைக்குள் வருமா?
*– வாசகர், புல்மோட்டை*

தோரியம் என்ற கதிரியக்க உலோகம் அந்த மணலில் இருப்பது உண்மை. ஆனால் மணலுக்கும் குண்டுக்கும் நடுவே ஓர் அணு உலை நிற்கிறது. அது இலங்கையில் இல்லை.

புல்மோட்டை மணலில் அதிகம் இருப்பது இல்மனைட். ரூடைலும் சிர்கோனும் அதற்கு அடுத்தபடி. தோரியம் இருப்பது மொனசைட் என்ற மஞ்சள் கலந்த பழுப்பு மணிகளில். அவை சிறு பங்குதான். இல்மனைட்டைக் காந்தம் எளிதில் இழுத்துக்கொள்ளும், மொனசைட்டை இழுக்க வலுவான காந்தம் வேண்டும். இரண்டும் போன பின் மிஞ்சுவதை மின்புலத்தில் விட்டால் ரூடைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது, அப்படிப் பிரியும். மணலை நன்றாகக் கழுவி உலர்த்தாமல் விட்டால், ஈரமும் உப்பும் ஒட்டிய மணிகள் எல்லாமே மின்னைக் கடத்தி, பிரிப்பு குழம்பிவிடும்.

பிரித்தெடுத்த தோரியம்–232 தானாகத் தொடர்வினை (ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் சங்கிலி) நடத்தாது. உலையில் நியூத்திரன் பட்டு, முதலில் புரட்டக்டினியம்–233 ஆகி, அது ஏறத்தாழ 27 நாள் அரைவாழ்வுடன் (27 நாளுக்குப் பாதி வீதம்) சிதைந்த பிறகே, குண்டுக்கு உதவும் யுரேனியம்–233 கிடைக்கும். கூடவே யுரேனியம்–232 என்ற தொல்லையும் உருவாகும். அதன் வழித்தோன்றல்கள் கடுமையான காமாக் கதிர் வீசுவதால் கையாள்வதும் கஷ்டம், ஒளித்து வைப்பதும் கஷ்டம்.

இத்தகைய அணுப்பொருள்கள் குண்டுக்குப் போகாதபடி கணக்கு வைப்பது சர்வதேச அணுசக்தி முகவரகம். ஒரு குண்டுக்கு வழிவிடக்கூடிய அளவாக அது கொள்வது: புளூட்டோனியம் 8 கிலோ, யுரேனியம்–233 8 கிலோ, தோரியம் 20 தொன். மணல் அள்ளுவதும் கனியம் பிரிப்பதும் அந்தக் கணக்குப் பதிவுக்கு முந்திய கட்டம். அணுசக்தித் தேவைக்காக யுரேனியமோ தோரியமோ அடங்கிய பொருளை அணு ஆயுதமற்ற நாடொன்றுக்கு அனுப்பினால்தான் அளவு, சேர்மானம், போகும் இடம் ஆகியவற்றை அரசு முகவரகத்துக்கு அறிவிக்க வேண்டும். பெயின்டுக்கு வெண்ணிறம் கொடுக்கும் டைட்டேனியம் ஒட்சைட்டுக்காகப் போகும் இல்மனைட்டுக்கு அந்தக் கடிதம் வேண்டியதில்லை. தொழிலாளருக்கான கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேறு விடயம். அது 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது.

மின்சாரத்துக்கும் யுரேனியம்தான், குண்டுக்கும் யுரேனியம்தான். பிறகு ஏன் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை?
*– வாசகர், கிண்ணியா*

மண்ணிலிருந்து வரும் யுரேனியத்தில் பிளவுறும் 235 வகை 0.7 சதவீதம் மட்டுமே. மின் உலைக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் போதும்; குண்டுக்கு 90 அளவில் வேண்டும். 20 சதவீதத்தில் நின்றால் இன்னும் 70 பாக்கி என்று தோன்றும். அங்கேதான் கணக்கு ஏமாற்றும். இயற்கை நிலையில் ஒரு 235 அணுவுக்கு ஏறத்தாழ 139 மற்ற வகை அணுக்கள். 20 சதவீதத்தில் நான்குதான் மிச்சம். 135ஐக் கழித்துவிட்டவனுக்கு மீதி நான்கும் பாரமில்லை. பிரிப்பு வேலையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு முடிந்திருக்கும். அதனால்தான் 20ஐ எட்டினாலே 'உயர் செறிவு' என்று தனிப் பட்டியலில் போடுகிறார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அணு ஆயுதத்துடன் வெளிநாட்டுக் கப்பல் வந்தால் அது பரவலா?
*– வாசகர், மூதூர்*

பரவல் தடை உடன்படிக்கையின்படி இல்லை. ஆயுதமும் அதன் கட்டுப்பாடும் கப்பலின் சொந்த நாட்டிடமே இருக்கும்வரை கைமாற்றம் நடக்கவில்லை. இலங்கை முன்னின்று கொண்டுவந்து, 1971 டிசம்பர் 16 இல் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய இந்து சமுத்திர சமாதான வலயப் பிரகடனம் ஒரு தீர்மானம்; சட்டமாக எவரையும் கட்டுப்படுத்தாது. அணு ஆயுதமற்ற வலயத்துக்குத் தனி உடன்படிக்கை வேண்டும். தென்கிழக்காசியாவுக்கு 1995 இன் பாங்கொக் உடன்படிக்கை இருக்கிறது, ஆபிரிக்காவுக்கு 1996 இன் பெலிண்டாபா உடன்படிக்கை இருக்கிறது. எங்கள் கடல் இரண்டுக்கும் வெளியே.