சால்வீனியா மொலஸ்டா என்றால் என்ன? எப்படி அடையாளம் காண்பது?

மண்ணில் வேரூன்றாமல் நீரில் மிதக்கும் பெரணி இது. பூர்வீகம் தென்கிழக்கு பிரேசில். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள்: இரண்டு மிதக்கும், மூன்றாவது நீருக்குள் தொங்கும். பார்க்க வேர் மாதிரி இருக்கும், ஆனால் வேரல்ல. சந்தேகமிருந்தால் உருப்பெருக்கியில் மிதக்கும் இலையின் மேற்புறத்தைப் பாருங்கள். முடிகளின் கிளைகள் முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டிபோல நுனியில் மீண்டும் கூடியிருக்கும். கூடாமல் விரிந்திருந்தால் வேறு இனம்.

ஆபத்து இதன் வேகத்தில்தான். வெப்பமும் சத்தும் மிகுந்த நீரில் சில நாட்களிலேயே இரு மடங்காகிவிடும். பானைக்கு மூடி போட்டதுபோல் குளத்தை அடைக்கும். ஒளியின்றி அடிச்செடிகள் மடியும், அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிட மீன்கள் திணறும்.

வெட்டிவிட்டால் ஒழியும் என்பது தவறு: இது முளைக்கும் வித்துகளால் பரவுவதில்லை, மொட்டுள்ள ஒரு துண்டே புதுச்செடியாகும்.