மின்தூக்கி மேலே போகும்போது ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

உயர்நிலை மூன்றில் படிக்கும் உங்கள் மகள், பத்தாவது மாடிக்குச் செல்லும் மின்தூக்கியைப் பற்றிய கேள்விக்கு "மின்னாற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது" என்று எழுதி மதிப்பெண் இழந்ததாகவும், உங்கள் காலத்தில் அதுதானே சரியான விடை, இடையில் என்ன மாறியது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாலை நேரங்களில் உயர்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் துணைப்பாடம் நடத்துபவன் என்ற முறையில், ஒளியாற்றல், ஒலியாற்றல், மின்னாற்றல் என்ற பழைய பட்டியலை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

சிங்கப்பூரின் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் 2023 முதல் நடப்புக்கு வந்த பாடத்திட்டம், ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதையும் எவ்வழியாக இடம் மாறுகிறது என்பதையும் தனித்தனியே சொல்லும்படி கேட்கிறது. வகுப்பில் பிள்ளைகள் ஸ்டோர், டிரான்ஸ்ஃபர் என்பார்கள். நான் இங்கே இருப்பு, பெயர்ச்சி என்று எழுதுகிறேன். இயங்கும் பொருளின் இயக்க ஆற்றல், உயரத்தில் உள்ள பொருளின் ஈர்ப்பு நிலை ஆற்றல், இழுத்த ரப்பரின் மீள் ஆற்றல், எரிபொருளின் வேதி ஆற்றல், அணுக்கரு ஆற்றல், வெப்பநிலையோடு தொடர்புடைய அக ஆற்றல் போன்றவை இருப்புகள். விசை தள்ளுவதாலும், மின்னோட்டத்தாலும், வெப்பநிலை வேறுபாட்டாலும், அலைகளாலும் ஆற்றல் பெயர்கிறது. மின்னாற்றல், ஒளியாற்றல் என்று நாம் சொல்லிவந்தவை இரண்டாவது வகையில் அடங்கிவிட்டன.

இது வெறும் பெயர் மாற்றம் என்று நினைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் மின்தூக்கிக்கான மின்சாரத்தை ஒரு கணம் துண்டித்ததாகக் கற்பனை செய்து பாருங்கள். ஐந்தாவது மாடியில் நிற்கும் பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்குரிய ஆற்றலைக் கணக்கிட்டுச் சொல்லலாம்; ஆனால் மின்கம்பியைத் தேடிப்போய் "இதில் இவ்வளவு மின்னாற்றல் மிஞ்சியிருக்கிறது" என்று காட்ட முடியாது, ஏனெனில் அது வழியாக இருந்ததே தவிர இருப்பிடமாக இருக்கவில்லை. ஒளியைப் பொறுத்தவரை இந்தப் பிரிப்பு சற்றே இடறும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை: சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது, அந்த எட்டு நிமிடங்களும் ஆற்றல் உண்மையில் அந்த ஒளியில்தான் இருக்கிறது. பள்ளி அளவில் ஒளியை வழி என்று வைத்துக்கொள்வது ஒரு வசதி, அவ்வளவே.

மின்தூக்கிக்கு வருவோம். நான் சொல்லப்போவதை உங்கள் மகளின் ஆசிரியர் எதிர்பார்த்திருக்க மாட்டார், ஆனால் புதிய முறை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் உள்ள மின்தூக்கியின் பெட்டி, கம்பிவடத்தின் மறுமுனையில் ஓர் எதிர் எடையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பெட்டி ஏறும்போது எதிர் எடை இறங்கும். அதன் நிறை, வெறும் பெட்டியின் நிறையோடு முழுச் சுமையில் ஏறத்தாழ பாதியையும் சேர்த்ததாக இருக்கும். முழுச் சுமை 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், எதிர் எடை வெறும் பெட்டியைவிட 500 கிலோகிராம் கூடுதல். 50 கிலோகிராம் நிறையுள்ள உங்கள் மகள் தனியாக ஏறி 28 மீட்டர் உயர்கிறாள் எனில், அவளுடைய ஈர்ப்பு நிலை ஆற்றல் (நிறை × ஈர்ப்புக்கு 10 × உயரம்) 14,000 ஜூல் கூடுகிறது. அதே நேரத்தில் எதிர் எடையின் அந்தக் கூடுதல் நிறை இறங்குவதால் 140,000 ஜூல் குறைகிறது. மொத்தத்தில் ஈர்ப்பு இருப்பு 126,000 ஜூல் குறைந்துவிடுகிறது! அவளை மேலே தூக்கியது எதிர் எடைதான். மோட்டார் பெரும்பாலும் வேகம் மீறாமல் பிடித்து நிறுத்தும் வேலையைத்தான் பார்த்தது. மிஞ்சிய ஆற்றல் பழைய மின்தூக்கிகளில் மின்தடையைச் சூடாக்கிக் காற்றின் அக ஆற்றலில் போய்ச் சேரும். சில புதியவற்றில் கட்டடத்தின் மின்சுற்றுக்கே திருப்பி அனுப்பப்படும். "மின்னாற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது" என்ற ஒற்றை வரி இதையெல்லாம் மூடி மறைத்துவிடுகிறது.

எல்லாரும் வீடு திரும்ப, மின்தூக்கி நிரம்பி மேலே ஏறும் மாலை நேரத்தில் நிலைமை வேறு. அப்போது மோட்டார் உண்மையிலேயே தூக்கியாக வேண்டும். அந்த ஆற்றல் எந்த இருப்பிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் மின்நிலையத்தில் எரியும் இயற்கை எரிவாயுவில் போய் நிற்போம், ஏனெனில் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு அதிலிருந்துதான் கிடைக்கிறது. (எரிவாயுவில் மட்டும் இருப்பதாகச் சொல்வதுகூட முழுச் சரியில்லை, அது எரிவாயுவும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதியின் வேதி ஆற்றல்.) "ஆற்றல் அழியாது என்றால் எதற்காகச் சிக்கனப்படுத்தச் சொல்கிறீர்கள்" என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு. எரிவாயுவில் ஓரிடத்தில் குவிந்திருந்த ஆற்றல், மின்நிலையம் குளிர்விக்கப் பயன்படுத்தும் நீரிலும், நம் குளிரூட்டிகள் புளோக்கின் பின்புறம் வெளித்தள்ளும் சூடான காற்றிலும் பரவிக் கரைந்துவிடுகிறது. அளவில் ஒரு ஜூலும் குறையவில்லை, ஆனால் அதைத் திரட்டி மறுபடி ஒரு மின்தூக்கியை ஓட்ட நமக்கு வழியில்லை. தீர்ந்துபோவது வளம்.

வளத்தைப் பற்றிய பாடத்தை மனப்பாடமாக விட்டுவிடாமல் இருப்புகளோடு இணைத்துப் பார்க்க, என் மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுப்பேன். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியத் தகடுகளின் உச்சத் திறன் 60 மெகாவாட். ஆனால் மேகம் மூடினால் உற்பத்தி உடனே சரியும், ஆகவே எங்காவது ஆற்றலை இருத்திவைத்தாக வேண்டும். 2023இல் ஜூரோங் தீவில் திறக்கப்பட்ட மின்கல நிலையம் 285 மெகாவாட்-மணி, அதாவது சுமார் ஒரு டிரில்லியன் ஜூல் ஆற்றலை வேதி இருப்பாகத் தாங்கும். மலை நாடுகளில் செய்வதுபோல அதே அளவைத் தண்ணீரை மேலே ஏற்றிச் சேமிப்பதாக இருந்தால் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நம்முடைய மிக உயரமான இடமான புக்கித் தீமா குன்றே 164 மீட்டருக்குள் அடங்கிவிடும். 160 மீட்டர் என்று கொண்டால் ஒரு கிலோகிராம் தண்ணீர் 1600 ஜூல்தான் தாங்கும். ஆகவே ஏறத்தாழ 640,000 டன், இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் இருநூற்றைம்பதுக்கும் மேல், அந்தக் குன்றின் உச்சியில் நிற்க வேண்டும். இந்த ஊரில் ஏன் மின்கலங்களை நாடினார்கள் என்று நான் விளக்கத் தேவையே இருப்பதில்லை.

தேர்வுக்கு உங்கள் மகள் இப்படி எழுதினால் போதும்: "மின்நிலையத்தில் எரிபொருளின் வேதி இருப்பிலிருந்து வந்த ஆற்றல் மின்னோட்டத்தின் வழியாக மோட்டாருக்கும், அங்கிருந்து விசையின் வழியாகப் பெட்டிக்கும் பெயர்கிறது, பெட்டியின் ஈர்ப்பு நிலை ஆற்றல் கூடுகிறது, உராய்வினாலும் கம்பிச்சுருளின் மின்தடையினாலும் ஒரு பகுதி சுற்றுப்புறத்தின் அக ஆற்றலைக் கூட்டுகிறது." கேள்வியில் எதிர் எடை குறிப்பிடப்படாவிட்டால் விடையிலும் அதைக் கொண்டுவர வேண்டாம்; வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியரிடம் தனியே கேட்கச் சொல்லுங்கள்.